மாற்றத்தை எண்ணிக் காட்டிய முல்லர்

விஞ்ஞான வரலாற்றில் புதிய பொருளைக் கண்டவர் பலர். புதிய முறையைக் கண்டவர் சிலர். பொருளைக் கண்டவரின் பெயர் பாடநூலில் நிலைத்துவிடுகிறது. முறையைக் கண்டவரின் உழைப்போ பின்வருவோரின் அன்றாட வேலையோடு கலந்து, தந்தவர் யார் என்பதே மறந்துபோகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்த ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அவர்தாம் ஹெர்மன் ஜோசப் முல்லர்.

உயிரியல் பயிலும் இன்றைய மாணவர் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார், பாலிமரேஸ் தொடர்வினையால் அதைப் பெருக்குகிறார், ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளாகக் காண்கிறார். சடுதி மாற்றம் எந்த எழுத்தில் நிகழ்ந்தது என்பதைக் கருவி படித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஜீன் எதனால் ஆனது என்பதே தெரியாத ஒரு காலம் இருந்தது. அக்காலத்தில் பால் சீசா, வாழைப்பழம், ஒரு பூதக்கண்ணாடி ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே சடுதி மாற்றத்தை எண்ணிக் கணக்கிட முடியும் என்று காட்டியவர் முல்லர். அந்தக் கணக்கு அவருக்கு நோபல் பரிசைத் தந்தது; நாடு விட்டு நாடு ஓடவும் வைத்தது.

பிறப்பும் இளமையும்

முல்லர் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். வெண்கலக் கலைப்பொருள்கள் செய்யும் தொழிலகம் ஒன்றைத் தொடங்கியவர். முல்லரின் தந்தையும் அத்தொழிலையே மேற்கொண்டார். எட்டு வயதுச் சிறுவனாக இருந்த முல்லரைத் தந்தை ஒருநாள் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, குதிரையின் பாத எலும்புகள் காலப்போக்கில் மாறிவந்த வரிசையைக் காட்டினார். உயிரினம் மாறும் என்ற எண்ணம் அன்றே அச்சிறுவன் மனத்தில் விதையாக விழுந்தது. அதை ஊன்றிய தந்தை 1900ஆம் ஆண்டில் காலமானார். குடும்பம் வறுமையில் தள்ளாடியது.

உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போதே நண்பர்களுடன் சேர்ந்து ஓர் அறிவியல் மன்றம் தொடங்கினார் முல்லர். அந்நண்பர்களுள் ஒருவரான எட்கர் ஆல்டன்பர்க் பின்னாளில் ஆய்விலும் துணையாக நின்றவர். 1907ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்றுக் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உயிரணுவியல் அறிஞர் வில்சனின் பாடங்கள் அவரை ஈர்த்தன. பரம்பரைப் பண்புகளின் இருப்பிடம் குரோமோசோமே என்ற கருத்து அப்போதுதான் வலுப்பெற்று வந்தது. 1910இல் பட்டம் பெற்றார். விடுமுறைகளிலும் ஓய்வு நேரங்களிலும் கிடைத்த வேலைகளைச் செய்தே அவர் தம் படிப்பை நடத்தினார்.

ஈ அறை

அதே 1910ஆம் ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் சிவப்புக் கண் பழ ஈக்களிடையே வெள்ளைக் கண்ணுடைய ஓர் ஆண் ஈயைக் கண்டார். மரபியலின் புதிய அத்தியாயம் அந்த ஒற்றை ஈயில் தொடங்கியது. மார்கனின் ஆய்வறைக்கு ஈ அறை என்றே பெயர் வந்துவிட்டது. சிறிய அறை; எட்டு மேசைகள்; சுற்றிலும் பால் சீசாக்கள்; சீசாக்களுக்குள் நொதித்த வாழைப்பழமும் ஈக்களும். அங்கே ஸ்டர்ட்டிவண்ட், பிரிட்ஜஸ் என்னும் இரு மாணவர்கள் பணியாற்றினர். 1912இல் முல்லரும் அவர்களோடு முழுமையாக இணைந்தார்.

நால்வரும் சேர்ந்து எழுதி 1915இல் வெளியிட்ட மெண்டலிய மரபுவழியின் இயங்கமைப்பு பற்றிய நூல் மரபியலுக்கு அடித்தளக் கல்லாயிற்று. எனினும், அந்த அறையில் பிறந்த கருத்துகளில் தமக்குரிய பங்கு ஏற்கப்படவில்லை என்ற மனக்குறை முல்லருக்கு ஏற்பட்டது. எண்ணத்தைக் கொடுத்தவர் யார், சோதனையைச் செய்து முடித்தவர் யார் என்ற வழக்கு அது. பலர் கூடி வேலை செய்யும் எந்த ஆய்வறையிலும் எழக்கூடியது. அந்தக் கசப்பு அவரை நெடுநாள் விடவில்லை.

ஜூலியன் ஹக்ஸ்லியின் அழைப்பின் பேரில் 1915 முதல் 1918 வரை ஹூஸ்டன் நகரின் ரைஸ் கல்வி நிலையத்தில் பணியாற்றினார். மீண்டும் கொலம்பியாவில் சிறிது காலம் இருந்தபின், 1920இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவருடைய தலைசிறந்த பணி நிகழ்ந்த இடம் அதுவே.

எண்ண முடியாததை எண்ணுவது எப்படி?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சடுதி மாற்றத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. ஆயிரம் சோற்றில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், அந்த ஒன்றைக் காண ஆயிரத்தையும் பார்த்தாக வேண்டும். ஈக்களில் இயல்பாக நிகழும் சடுதி மாற்றம் அத்தகைய அரிய நிகழ்ச்சி.

அரியது என்பது மட்டுமன்று, மறைந்தும் இருப்பது. வெள்ளைக் கண், குட்டைச் சிறகு போன்ற கண்ணுக்குப் புலப்படும் மாற்றங்கள் சிலவே. அவற்றையும் ஒருவர் காண்பார், மற்றொருவர் தவறவிடுவார். பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து எண்ணிக்கை மாறினால் அது அளவையாகாது. முல்லருக்கு முன்னரே ரேடியம் முதலியவற்றை உயிர்களின் மேல் செலுத்திப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களால் உறுதியான முடிவுக்கு வர இயலாமல் போனதற்கு, மாற்றத்தை எண்ண நம்பகமான முறை இல்லாமையே முக்கிய காரணம்.

முல்லர் வேறு வழியில் சிந்தித்தார். ஒரு ஜீன் கெட்டுப்போனால் உயிரினம் பெரும்பாலும் நலிவடையும். பல வேளைகளில் பிறவாமலே மடியும். ஆகவே, புலப்படும் மாற்றங்களைவிடக் கொல்லும் மாற்றங்களே மிகுதியாக இருக்க வேண்டும். அவற்றை எண்ணினால் கணக்குக் கிடைக்கும். ஆனால் இறந்து மறைந்துவிட்டதை எவ்வாறு எண்ணுவது? இக்கேள்விக்கு அவர் கண்ட விடைதான் சி.எல்.பி. முறை. அதைச் சற்று விரிவாகவே காண்போம்.

பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஆண் ஈக்கு ஒன்றே. ஆண் ஈ தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறது. எனவே அதில் ஒரு கொல்லி ஜீன் இருந்தால், அதை மறைத்துக் காக்க இணைக் குரோமோசோம் கிடையாது. ஆண் ஈ மடிந்துவிடும். பெண் ஈயோ மற்றொரு எக்ஸ் துணையால் பிழைத்துக்கொள்ளும்.

முல்லர் தம் ஆய்வறையில் சிறப்பான ஓர் எக்ஸ் குரோமோசோமைக் கொண்ட பெண் ஈக்களை உருவாக்கினார். அக்குரோமோசோமில் மூன்று அடையாளங்கள் இருந்தன. முதலாவது சி. குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதால், இணையுடன் குறுக்கேற்றம் நடந்து ஜீன்கள் கலப்பதை அது தடுத்துவிடும். இரண்டாவது எல். இது ஒடுங்கு பண்புடைய ஒரு கொல்லி ஜீன். மூன்றாவது பி. இது பட்டைக் கண் என்னும் ஓங்கு பண்பு. இந்தக் குரோமோசோம் உடைய ஈயின் கண் ஒடுங்கியிருக்கும். பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சோதனை நான்கு படிகளில் நடக்கும். கதிர் செலுத்திய ஆண் ஈக்களை இந்தப் பெண் ஈக்களுடன் சேர்ப்பது முதற்படி. பிறக்கும் மகள்களில் பட்டைக் கண் உடையவற்றை மட்டும் பொறுக்குவது இரண்டாம் படி. அம்மகள்களிடம் தாயின் சிறப்புக் குரோமோசோம் ஒன்றும், கதிர்பட்ட தந்தையின் குரோமோசோம் ஒன்றும் இருக்கும். ஒவ்வொரு மகளையும் தனித்தனிச் சீசாவில் இட்டு ஓர் ஆணுடன் சேர்ப்பது மூன்றாம் படி. அச்சீசாவில் பிறக்கும் ஈக்களில் ஆண் உண்டா என்று பார்ப்பது நான்காம் படி.

அங்கே நிகழ்வது என்ன? அந்த மகளின் ஆண் குஞ்சுகளில் பாதி சிறப்புக் குரோமோசோமைப் பெறும். அதிலுள்ள கொல்லி ஜீனால் அவை மடியும். மறுபாதி, கதிர்பட்ட பாட்டனின் குரோமோசோமைப் பெறும். அதில் கேடு ஏதும் நேரவில்லையெனில் அவை பிழைக்கும். சீசாவில் ஆண் ஈக்கள் காணப்படும். கதிர் புதியதொரு கொல்லி மாற்றத்தை விளைவித்திருந்தால் அவையும் மடியும். சீசாவில் பெண் ஈக்களைத் தவிர வேறொன்றும் இராது.

ஆண் ஈ இல்லாத சீசா ஒன்று. சடுதி மாற்றம் ஒன்று. கணக்கு அவ்வளவே! ஒவ்வொரு மகளும் பாட்டனின் ஒரு விந்தணுவிலிருந்து வந்ததால், ஒவ்வொரு சீசாவும் ஒரு விந்தணுவின் குரோமோசோமுக்கு நடத்தப்பட்ட தேர்வாகிறது. கண்ணின் நிறமா, சிறகின் வளைவா என்று தேடித் திகைக்க வேண்டியதில்லை. யார் பார்த்தாலும் விடை ஒன்றே. இன்மையையே சான்றாக்கிய இந்த எண்ணம் மரபியலின் மிக அழகிய சோதனை அமைப்புகளுள் ஒன்று எனலாம்.

1927ஆம் ஆண்டின் வியப்பு

1926ஆம் ஆண்டின் இறுதியில் முல்லர் தம் ஆண் ஈக்களுக்கு எக்ஸ் கதிர் செலுத்தினார். அளவு மிகுந்தால் ஈ மலடாகும். குறைந்தால் விளைவு தெரியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுகளைத் தேர்ந்தெடுத்தார். கதிர்படாத ஈக்களையும் அதே முறையில் ஒப்பீட்டுக்காக வளர்த்தார். முடிவு அவரே எதிர்பாராத அளவுக்குத் தெளிவாக இருந்தது. கூடிய அளவு கதிர்பட்ட விந்தணுக்களில் சடுதி மாற்றம் இயல்பைப்போல் ஏறத்தாழ 150 மடங்காக உயர்ந்திருந்தது. கொல்லும் மாற்றங்களோடு, கண்ணிலும் சிறகிலும் தோன்றும் மாற்றங்களும் குவியலாகக் கிடைத்தன. மார்கன் குழுவினர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சேர்த்த வகை மாற்றங்களை அவர் சில வாரங்களில் கண்டார்.

1927 ஜூலையில் இச்செய்தியைச் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். அக்கட்டுரையில் விரிவான அட்டவணை இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் கூடிய ஐந்தாம் உலக மரபியல் மாநாட்டில் எண்களை எடுத்து வைத்தார். உலகம் வியந்தது. அதுவரை இயற்கையின் கையில் மட்டுமே இருந்த மாற்றத்தை மனிதன் தன் விருப்பப்படி விளைவிக்கலாம் என்பது முதன்முறையாக உறுதியாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் லூயிஸ் ஸ்டேட்லர் என்பவர் பார்லிப் பயிரில் தனியாக ஆய்வு நடத்தி, 1928இல் இதே உண்மையை வெளியிட்டார். இரு வேறு உயிர்களில், இரு வேறு கைகளில் ஒரே விடை கிடைத்தமை கண்டுபிடிப்புக்கு வலுவூட்டியது.

புகழ் வந்ததேயன்றி அமைதி வரவில்லை. ஓயாத உழைப்பு, குடும்ப வாழ்வில் விரிசல், பழைய நண்பர்களுடன் மனத்தாங்கல், நாட்டைப் பீடித்த பொருளாதாரப் பெருமந்தம் எல்லாம் ஒன்றுசேர்ந்து அழுத்தின. 1932 ஜனவரியில் முல்லர் தூக்க மருந்தை அளவுமீறி விழுங்கிவிட்டு ஊருக்கு வெளியே காட்டுப் பகுதிக்குச் சென்றுவிட்டார். தேடிச் சென்றவர்கள் அவரை உயிரோடு மீட்டனர். அவருடைய வாழ்வின் பெரும் பணிகளில் பல இதற்குப் பின்னரே நிகழ்ந்தன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அதே ஆண்டிலேயே சடுதி மாற்றங்களை அவற்றின் செயலைக் கொண்டு வகைப்படுத்தினார். மாறிய ஜீன் தன் வேலையை அறவே செய்யாமலிருக்கலாம், குறைவாகவோ மிகுதியாகவோ செய்யலாம், எதிர்த்துச் செய்யலாம், புதிய வேலையே செய்யலாம். இவ்வகைப்பாடு இன்றும் மரபியலாளர் கையாளுவதாகும்.

பெர்லினும் மாஸ்கோவும்

1932இல் ஆய்வு உதவித்தொகை பெற்று முல்லர் பெர்லின் சென்றார். அங்கே டிமோஃபயேவ் ரெசோவ்ஸ்கி என்னும் ரஷ்ய மரபியலாளருடன் பணியாற்றினார். சில மாதங்களில், 1933 ஜனவரியில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஆய்வு நிலையத்திலும் நாஜிகள் புகுந்து அட்டூழியம் செய்தனர். அப்போது சோவியத் நாட்டின் பயிரியல் மேதை நிக்கோலாய் வவிலோவ் முல்லரைத் தம் நாட்டுக்கு அழைத்தார். இடதுசாரிக் கொள்கையில் பற்றுடைய முல்லர் மகிழ்வுடன் சென்றார். 1922இலேயே ஒருமுறை மாஸ்கோ சென்று, தம் பழ ஈ வகைகளை அங்குள்ள அறிஞர்களுக்கு வழங்கி வந்தவர் அவர். முதலில் லெனின்கிராடிலும் 1934 முதல் மாஸ்கோவிலும் சிறந்ததோர் ஆய்வுக் குழுவை உருவாக்கினார்.

அங்கே கண்ட உண்மைகளுள் ஒன்று சுவையானது. ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பெருங் குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, பட்டைக் கண் என்பது ஒரு ஜீன் தன் உருவை மாற்றிக்கொண்டதால் வந்ததன்று, குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டித்ததால் வந்தது என்று 1936இல் முல்லர் குழுவினர் காட்டினர். அமெரிக்காவில் பிரிட்ஜஸும் அதையே தனியாகக் கண்டார். முல்லரின் முறையில் வெறும் அடையாளமாக நின்ற பி என்னும் எழுத்தின் பொருள் பத்தாண்டுகளுக்குப் பின்னரே புலனாயிற்று.

ஆனால் காலம் கெட்டுக்கொண்டிருந்தது. டிராஃபிம் லைசென்கோ என்பவர் ஜீன் என்பதே பொய் என்றார். பயிரைப் பழக்கினால் அதன் பரம்பரையே மாறும் என்றார். அவரிடம் ஒப்பீட்டுப் பயிர் இல்லை; சீரான எண்ணிக்கை இல்லை; ஆட்சியாளரின் ஆதரவு மட்டும் இருந்தது. 1936 டிசம்பரில் மாஸ்கோவில் வேளாண் விஞ்ஞானக் கழகம் கூட்டிய விவாதத்தில் முல்லர் எழுந்து, லைசென்கோவின் கொள்கைக்குச் சான்றில்லை என்று வெளிப்படையாக எடுத்துரைத்தார். அயல்நாட்டில், அச்சம் சூழ்ந்த அவையில், அது எளிய செயலன்று.

அதன் விளைவு கொடியது. டெக்சாசில் முல்லருடன் பணியாற்றித் தாயகம் திரும்பியிருந்த அகோல், லெவிட் என்னும் இரு அறிஞர்கள் கைது செய்யப்பட்டுக் கொல்லப்பட்டனர். முல்லர் 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்குத் தொண்டு செய்யும் தன்னார்வலராக அங்கிருந்து வெளியேறி, மாட்ரிட் நகரில் இரத்தம் செலுத்தும் பிரிவில் சில வாரங்கள் பணியாற்றினார். வவிலோவ் 1940இல் கைது செய்யப்பட்டு 1943இல் சரடோவ் சிறையில் மாண்டார். உலகெங்கும் அலைந்து தானிய விதைகளைத் திரட்டிய அந்த மனிதர் பட்டினியால் நலிந்து இறந்தார். 1948இல் லைசென்கோவின் கொள்கை சோவியத் அரசின் கொள்கையாகவே அறிவிக்கப்பட்டபோது, முல்லர் சோவியத் விஞ்ஞானக் கழக உறுப்பினர் பதவியைத் துறந்தார். எண்ணிப் பார்த்தபின் பேசு என்னும் எளிய விதியை ஒரு நாடு கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எடின்பரோவும் ஓர் இந்திய மாணவரும்

1937 முதல் 1940 வரை முல்லர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் விலங்கு மரபியல் நிலையத்தில் இருந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த சார்லட் அவர்பாக் என்னும் அம்மையாரைச் சடுதி மாற்ற ஆய்வில் ஈடுபடுத்தியவர் அவரே. அம்மையார் ராப்சன் என்பவருடன் சேர்ந்து, கடுகு வாயு என்னும் போர் நஞ்சு சடுதி மாற்றத்தை விளைவிப்பதை முல்லரின் முறையைக் கையாண்டு கண்டார். வேதிப்பொருளாலும் மாற்றம் நிகழும் என்ற உண்மை இவ்வாறு நிலைபெற்றது. போர்க்கால இரகசியத்தால் அது 1946இல்தான் விரிவாக வெளிவந்தது.

அந்நிலையத்தில் முல்லரிடம் பயின்றவர்களுள் வங்கத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராய் சௌத்ரியும் ஒருவர். கதிரைப் பல நாள் நீட்டி மெல்ல மெல்லச் செலுத்தினால் கேடு குறையுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஈக்களின் விந்தணுக்களில் குறையவில்லை என்று அவர் கண்டார். மொத்த அளவு ஒன்றானால் கொல்லி மாற்றங்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இம்முடிவு 1944இல் வெளியாயிற்று. சிறுகச் சிறுகப் பட்டாலும் கதிர் பட்டதே என்று முல்லர் பின்னாளில் வாதாடியதற்கு இதுவும் ஓர் ஆதாரம். 1958இல் வில்லியம் ரஸ்ஸல் குழுவினர் சுண்டெலிகளில் சோதித்தபோது, விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் முதல்நிலை உயிரணுக்களில் மெல்லச் செலுத்திய கதிர் குறைவான மாற்றங்களையே விளைவித்தது. ஒரு நிலையில் கண்டதை எல்லா நிலைக்கும் ஏற்றிவிடக் கூடாது என்பதை அது உணர்த்தியது.

1938இல் முல்லர் மற்றொன்றையும் குறிப்பிட்டார். எக்ஸ் கதிரால் உடைந்த குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இயற்கையான நுனிகளோ ஒட்டுவதில்லை. எனவே நுனியில் தனித்தன்மை வாய்ந்த ஓர் உறுப்பு இருக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் இட்ட டெலோமியர் என்ற பெயர் இன்று எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது.

நோபல் பரிசும் எச்சரிக்கையும்

1940இல் அமெரிக்கா திரும்பிய முல்லர், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1945இல் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அணுகுண்டுகள் வீசப்பட்டன. அடுத்த ஆண்டு, 1946இல், எக்ஸ் கதிரால் சடுதி மாற்றம் விளைவதைக் கண்டதற்காக அவருக்கு மருத்துவ இயலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கதிர்வீச்சின் பேராற்றலைக் கண்டு உலகம் அஞ்சிய வேளையில், அது வருந்தலைமுறைக்கும் கேடு செய்யும் என்று எண்களோடு சொல்லக்கூடிய மனிதராக அவர் விளங்கினார்.

அவர் வாளாவிருக்கவில்லை. மருத்துவர்கள் தேவையின்றி எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கலாகாது, எடுக்கும்போது இனப்பெருக்க உறுப்புகளைக் கவசத்தால் மறைக்க வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். மருத்துவர் பலர் சினந்தனர். 1955இல் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் வெளியிட்ட அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட 11 பேரில் அவரும் ஒருவர். அதே ஆண்டு ஜெனீவாவில் அணுசக்தியின் ஆக்கப் பயன் பற்றி ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டில் அவருடைய கட்டுரை வாசிக்கப்படாதபடி அமெரிக்க அணுசக்தி ஆணையம் தடுத்துவிட்டது. பார்வையாளராக அவர் அவையில் அமர்ந்திருந்தார். அவர் இருப்பது அறிவிக்கப்பட்டதும் அவையோர் எழுந்து நின்று மரியாதை செய்தனர். ஒரு நாட்டில் லைசென்கோவும் மற்றொரு நாட்டில் ஆணையமுமாக, இரு வேறு ஆட்சிமுறைகள் அவர் வாயை மூட முயன்றன. இரண்டிடத்தும் அவர் கையிலிருந்த படைக்கலம் ஒன்றே. அது சீசாக்களின் கணக்கு.

1967ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இந்தியானாபோலிஸ் நகரில் முல்லர் மறைந்தார்.

ஒரு குறை

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைப்பது முறையன்று. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்த பெற்றோர்வழி மேம்படுத்தலாம் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை முல்லர் வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. புகழ்பெற்றோரின் விந்தணுவைச் சேமித்துப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1936இல் ஸ்டாலினுக்கே இக்கருத்தை விளக்கிக் கடிதமும் நூலும் அனுப்பினார். நிறவெறியும் வகுப்புச் செருக்கும் கலந்த அமெரிக்க இனமேம்பாட்டு இயக்கத்தை அவர் 1932இலேயே கடுமையாகச் சாடியவர் என்பது உண்மை. வாய்ப்புகள் சமமாகாத சமுதாயத்தில் திறமையை ஒப்பிடவே முடியாது என்று 1939இல் பிற அறிஞர்களுடன் அறிக்கை விட்டதும் உண்மை. ஆயினும் ஈயின் கண் நிறத்தை எண்ணுவதுபோல் மனிதப் பண்பை எண்ண முடியாது. எந்தப் பண்பு சிறந்தது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சீசாவில் அவ்வளவு கண்டிப்பாகச் சான்று கேட்ட மனிதர், மனிதகுலத்தின் விஷயத்தில் அக்கண்டிப்பைத் தளர்த்திவிட்டார்.

சீசாவிலிருந்து டி.என்.ஏ. வரை

ஆண் ஈ இல்லாத சீசா ஏதோ ஒன்று கெட்டது என்று சொல்லும். கெட்டது எது, எவ்வாறு கெட்டது என்று சொல்லாது. எக்ஸ் கதிர் ஜீனின் எழுத்தை மாற்றுகிறதா, ஜீனையே பெயர்த்தெறிகிறதா என்று ஸ்டேட்லர் கடைசிவரை ஐயப்பட்டார். இருவரின் முறைகளாலும் இதற்கு விடை காண இயலவில்லை. ஜீனைப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை வந்தபின்னரே, கதிரால் விளையும் மாற்றங்களில் துண்டிழப்பும் இடமாற்றமும் பெரும்பங்கு என்பது தெளிவாயிற்று.

அத்தகைய முறை வரும் என்று முல்லர் நெடுநாள் முன்பே எதிர்பார்த்தார். பாக்டீரியாவை அழிக்கும் நுண்பொருள்கள் ஜீன்களாகவே இருக்கக்கூடும். அப்படியானால் ஜீனை உரலில் அரைத்தும் குடுவையில் வேகவைத்தும் வேதியியலார் ஆராயும் நாள் வரும் என்று 1922இலேயே எழுதினார். 1944இல் ஏவரி குழுவினர் பரம்பரைப் பொருள் டி.என்.ஏ. என்பதற்குச் சான்று காட்டினர். 1947இல் இந்தியானாவில் மாணவராகச் சேர்ந்து முல்லரின் வகுப்பில் அமர்ந்த ஜேம்ஸ் வாட்சன், 1953இல் கிரிக்குடன் சேர்ந்து அதன் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டார். 1977இல் ஃபிரடெரிக் சாங்கர் டி.என்.ஏ.வின் எழுத்துகளை விரைந்து படிக்கும் முறையைத் தந்தார். 1983இல் கேரி முல்லிஸ் பாலிமரேஸ் தொடர்வினையை வகுத்தார். 2000ஆம் ஆண்டில், ஈ அறையில் வளர்ந்த அதே பழ ஈயின் மரபுத்தொகுதி பெரும்பாலும் படித்து முடிக்கப்பட்டு வெளியாயிற்று.

முறைகள் மாறினாலும் அவற்றின் ஒழுக்கம் மாறவில்லை. ஜெல்லில் மாதிரிகளை இடும்போது ஒரு குழியில் மாற்றமில்லா டி.என்.ஏ.வையும், பெருக்கும்போது ஒரு குழாயில் டி.என்.ஏ. சேர்க்காத கலவையையும் வைக்க வேண்டும் என்று பேராசிரியர்கள் நமக்குக் கற்பிக்கிறார்கள். அந்தக் குழியும் அந்தக் குழாயும் முல்லர் ஒப்பீட்டுக்காக வளர்த்த கதிர்படாத ஈக்களின் வாரிசுகளே. நேரமில்லை, பொருள் வீண் என்று அவற்றை விட்டுவிடத் தோன்றும். அவை இல்லாமலும் பட்டைகள் தெரியும்; படமும் எடுக்கலாம்; குறிப்பேட்டிலும் ஒட்டலாம். ஆனால் அந்தப் பட்டை எதைச் சொல்கிறது என்று கேட்டால் விடை இராது.

மாணவத் தோழர்களே! நாளை நம்மில் சிலர் மருத்துவமனை ஆய்வகத்தில் அமர்ந்து, ஒரு குழந்தையின் இரத்தத்தில் சடுதி மாற்றம் உண்டு, இல்லை என்று எழுதித் தரப்போகிறோம். அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பெற்றோர் வெளியே காத்திருப்பர். மாற்றம் காணப்படவில்லை என்பது வேறு, மாற்றம் இல்லை என்பது வேறு. நம் முறை எதைக் காணும், எதைத் தவறவிடும் என்று அறிந்தவரே அவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். ஆண் ஈ இல்லாத ஒரு சீசாவைப் பார்த்து மாற்றம் உண்டு என்று எழுதுமுன், அந்த இன்மை எதனால் வந்தது என்பதை ஒவ்வொரு படியாக உறுதிசெய்துகொண்டவர் முல்லர். அந்தப் பொறுமையை அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக!